ஒரு பிக்சலைத் திருத்தப் போய்ப் பின்னணி கெட்டுவிட்டதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கொழும்பின் ஆடிவேல் விழாத் தொண்டர்களுக்கு அடர் அரக்கு நிறச் சட்டைகள். முதுகில் பொன்னிற வேல், அதன் கீழே ‘வேல்’ என்ற சொல். வெள்ளவத்தையில் என் மேசையில் அந்தச் சின்னத்தைப் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. மாதிரிச் சட்டை அச்சாகி வந்தபோதுதான் தெரிந்தது: வேலைச் சுற்றிச் சாம்பல் பூசியதுபோல் வெளிறிய ஒரு கோடு, ‘ல்’ மேலிருந்த புள்ளி காணவில்லை. கவனிக்காமல் விட்டிருந்தால் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேரோடு நடக்கும் பிள்ளைகளின் முதுகில் ‘வேல’ என்றுதான் போயிருக்கும். கோளாறு முழுவதும் விளிம்பில் இருந்த சில நூறு பிக்சல்களுக்குள், அதாவது படத்தை ஆக்கும் நுண்ணிய சதுரங்களுக்குள், அடங்கியது. அதைத் திருத்த எனக்கு ஓர் இரவு பிடித்தது. ஏனென்றால் நான் முதலில் தவறான இடத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒளிபுகும் பின்னணி உள்ள படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு எண்கள் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் நிறத்தைச் சொல்லும். நான்காவது ஆல்ஃபா. அது 0 என்றால் பிக்சல் வெறுமை, 255 என்றால் முழுத் திண்மை. நிறமும் ஆல்ஃபாவும் தனித்தனியாகக் கெடும், தனித்தனியாகத்தான் சீராகும். நிறம் கெட்ட இடத்தில் அழிப்பானைத் தேய்த்தால் எழுத்து மெலியும். ஆல்ஃபா கெட்ட இடத்தில் நிறம் பூசினால் விளிம்பு தடிக்கும். அன்றிரவு நான் செய்தது முதலாவது தவறு.

கீழே சொல்வன கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளை வைத்துச் சொல்பவை. பணம் கொடுத்து வாங்க வேண்டாதது, இங்கே சிறிய கடைகளிலும் வீடுகளிலும் பலரிடம் இருப்பது. 2.10 பதிப்புக்கும் 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்புக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எதையும் தொடுமுன் மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். விசைப்பலகையில் 4-ஐ அழுத்தினால் படம் 800 விழுக்காட்டுக்குப் பெரிதாகும். 1-ஐ அழுத்தினால் இயல்பான அளவுக்குத் திரும்பும். அடுத்து, கிம்பின் ‘விண்டோஸ்’ மெனுவில் ‘டாக்கபிள் டயலாக்ஸ்’ என்பதன் கீழ் ‘பாயின்டர்’ பலகையைத் திறவுங்கள். சுட்டி எந்தப் பிக்சலின் மேல் நிற்கிறதோ அதன் நான்கு எண்களும் அங்கே தெரியும். அந்தப் பலகையில் ‘சாம்பிள் மெர்ஜ்டு’ என்ற குறியை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தாள்கள்போல் படத்தில் உள்ள எல்லா அடுக்குகளையும் (லேயர்) கலந்த விடைதான் வரும், உங்கள் அடுக்கின் உண்மையான ஆல்ஃபா தெரியாது. மூன்றாவது, சின்னத்துக்கு அடியில் ஓர் அடுக்கைச் சேர்த்து, படம் கடைசியில் எந்த நிறத்தின் மேல் அமரப் போகிறதோ அந்த நிறத்தை நிரப்புங்கள். வெள்ளைத் திரையில் வெள்ளைக் குறை தெரியாது.

அழிப்பானால் அழித்தால் வெறுமைக்குப் பதில் வெள்ளை வருகிறது

இந்த அடுக்கில் ஆல்ஃபாவே இல்லை. வெறுமையாக்க வழியில்லாத அழிப்பான், கருவிப்பெட்டியில் உள்ள பின்னணி நிறத்தைப் பூசுகிறது. ஜே.பெக் கோப்பிலிருந்து வந்த படங்கள் எல்லாம் இப்படித்தான் திறக்கும். 2.10 பதிப்பில் அடுக்கின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் ஆல்ஃபா இல்லை என்று பொருள். ‘லேயர்’ மெனுவில் ‘ட்ரான்ஸ்பேரன்சி’, அதற்குள் ‘ஆட் ஆல்ஃபா சேனல்’. போட்டோஷொப் வைத்திருப்பவர்கள் ‘பேக்ரவுண்ட்’ என்ற அடுக்கின் பூட்டைத் திறந்து அதைச் சாதாரண அடுக்காக மாற்றினால் போதும்.

ஆல்ஃபாவைச் சேர்த்த உடனே வெள்ளைப் பின்னணி தானாகப் போய்விடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அப்படி நடக்காது. எல்லாப் பிக்சலுக்கும் 255 என்ற நான்காம் எண் கிடைக்கிறது, அவ்வளவுதான். இனி அழித்தால் வெறுமை வரும்.

சதுரங்கக் கட்டமும் சேர்ந்து அச்சாகிவிட்டது

இணையத்தில் தேடி எடுத்த படமாக இருக்கும். சாம்பலும் வெள்ளையுமான அந்தக் கட்டம், வெறுமையைக் காட்ட மென்பொருள் திரையில் மட்டும் வரைவது. நீங்கள் எடுத்த படத்தில் அது உண்மையான நிறமாகவே பதிந்திருக்கிறது. ‘பாயின்டர்’ பலகையில் கட்டத்தின் மேல் ஆல்ஃபா 255 என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். நிறத்தைத் தேர்ந்து நீக்க முயலலாம், ஆனால் கட்டத்தின் சாம்பல் விளிம்புக்குள் கலந்திருக்கும், சுத்தமாக வராது. சின்னத்துக்கு உரியவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் புதிதாக வரையுங்கள். அதுவே விரைவான வழி.

ஒரு பிக்சலைத் தொட்டால் பக்கத்துப் பிக்சல்களும் மங்குகின்றன

தூரிகையை எடுத்திருக்கிறீர்கள். தூரிகை ஓரங்களை மென்மையாக்கும். அதற்காகப் பக்கத்துப் பிக்சல்களில் அரைகுறை ஆல்ஃபாவை இடும். தனிப் பிக்சல் வேலைக்குப் பென்சில் கருவிதான் சரி. அதற்கு ஆங்கில ‘என்’ (N) விசை. அளவு 1, ‘ஒபாசிட்டி’ 100, ‘டைனமிக்ஸ்’ நிறுத்தம். அழிப்பானுக்கும் இதே நோய் உண்டு. அதன் அமைப்புகளில் ‘ஹார்ட் எட்ஜ்’ என்பதைக் குறியிடுங்கள். தேர்வுக் கருவிகளிலும் நிறம் ஊற்றும் வாளியிலும் ‘ஆன்டிஏலியாசிங்’ குறியை எடுங்கள்.

பென்சிலைப் பிடித்தபடி கன்ட்ரோல் விசையை அழுத்தினால் அது நிறம் எடுக்கும் கருவியாக மாறும். பக்கத்துப் பிக்சலின் நிறத்தை எடுத்து உடனே வைக்கலாம். ஷிஃப்டை அழுத்திச் சொடுக்கினால் முந்தைய இடத்திலிருந்து நேர்கோடு வரும். இந்த இரண்டும் கைக்குப் பழகினால் வேலை பாதியாகக் குறையும்.

என்ன செய்தாலும் ஒன்றும் மாறவில்லை

பெரும்பாலும் எங்கோ ஒரு தேர்வு (முன்பு குறித்து வைத்த பகுதி) நீக்கப்படாமல் விட்டுப்போயிருக்கும், அதற்கு வெளியே எதுவும் பதியாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தி அதை நீக்குங்கள். அடுத்து, சரியான அடுக்கில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். அடுக்கின் மஞ்சள் எல்லைக்கோட்டுக்கு வெளியே வரைந்தால் எதுவும் பதியாது. ‘லேயர்’ மெனுவில் ‘லேயர் டு இமேஜ் சைஸ்’ அதைத் தீர்க்கும். கடைசியாக ஆல்ஃபா பூட்டு. அது பூட்டியிருந்தால் வெறுமையான இடத்தில் எவ்வளவு பூசினாலும் தெரியாது. இந்தப் பூட்டைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்கிறேன்.

எடுத்த நிறம் ஒன்று, விழுகிற நிறம் வேறு

தலைப்புப் பட்டையில் ‘இன்டெக்ஸ்டு’ என்று இருக்கும். அந்த முறையில் படத்துக்கு அதிகபட்சம் 256 நிறங்கள். நீங்கள் எடுத்த நிறம் பட்டியலில் இல்லையென்றால் அதற்கு நெருங்கிய ஒன்று விழும். ஆல்ஃபாவும் உண்டு அல்லது இல்லை என்ற இரு நிலைகளிலேயே நிற்கும். ஜிஃப் கோப்புகள் எல்லாம் இப்படித்தான்: 1987-இல் வந்த அந்த வடிவத்துக்கு ஒளிபுகும் நிறம் 1989 பதிப்பில்தான் சேர்ந்தது, அதுவும் பட்டியலில் ஒரே ஒரு நிறத்துக்கு மட்டும். ‘இமேஜ்’ மெனுவில் ‘மோட்’, அதில் ‘ஆர்ஜிபி’. மாற்றிவிட்டுத் திருத்துங்கள்.

இருண்ட துணியில் வைத்தால் விளிம்பில் வெளிறிய கோடு

என் இரவைத் தின்றது இதுதான். கொழும்பில் இந்த வேலை செய்யும் பலருடைய இரவையும் இது தின்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

வேலின் பொன்னிறம் 212, 160, 23 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரைந்தவர் வெள்ளைத் தாளின் மேல் வரைந்திருக்கிறார். வளைவு வழவழப்பாகத் தெரிய, விளிம்புப் பிக்சலில் பாதி பொன், பாதி வெள்ளை என்று மென்பொருள் கலந்துவிட்டது. கலவையின் எண்கள் 234, 208, 139. பிறகு யாரோ வெள்ளையை மட்டும் தேர்ந்து அழித்திருக்கிறார். தூய வெள்ளை போயிற்று, கலவை தங்கிவிட்டது. வெள்ளைத் திரையில் அது மென்மையான ஓரம். அரக்குத் துணியில் வெளிறிய கோடு.

இப்போது விளிம்புப் பிக்சல் ஒன்றின் மேல் சுட்டியை வைத்து ஆல்ஃபாவைப் பாருங்கள். வழி இங்கே இரண்டாகப் பிரிகிறது.

ஆல்ஃபா ஏற்கெனவே 60, 128, 200 என்று படிப்படியாக ஏறி, நிறத்தில் மட்டும் வெள்ளை கலந்திருந்தால் உங்கள் வேலை எளிது. ஆல்ஃபாவைப் பூட்டுங்கள். 2.10 பதிப்பில் அடுக்குப் பட்டியலுக்கு மேலே ‘லாக்’ வரிசையில் சதுரங்கக் கட்டம்போல் உள்ள பொத்தான், 3.0 பதிப்பில் அடுக்கின் பக்கத்தில் உள்ள பூட்டு அடையாளத்தைச் சொடுக்கினால் கிடைக்கும். பூட்டிய பிறகு பொன்னிறத்தை எடுத்து விளிம்பு முழுவதும் தாராளமாகப் பூசுங்கள். தூரிகையாலேயே பூசலாம். நிறம் மட்டும் மாறும், நான்காம் எண் அசையாது, வழவழப்பு அப்படியே இருக்கும், வெளிறிய கோடு போய்விடும். மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த ஒற்றைப் பொத்தான் இது.

விளிம்பிலும் ஆல்ஃபா 255 என்றே இருந்தால் முதலில் அந்த வெள்ளையை வெறுமையாக மாற்ற வேண்டும். ‘லேயர்’, ‘ட்ரான்ஸ்பேரன்சி’, ‘ஆல்ஃபா டு செலக்‌ஷன்’ என்று போய்ச் சின்னத்தைத் தேருங்கள். ‘செலக்ட்’ மெனுவில் ‘ஷ்ரிங்க்’ கொடுத்து 2 பிக்சல் சுருக்குங்கள். பிறகு ‘இன்வர்ட்’. இப்போது தேர்வில் இருப்பது விளிம்பு வளையமும் வெளியே உள்ள வெறுமையும்தான். ‘கலர்ஸ்’ மெனுவில் ‘கலர் டு ஆல்ஃபா’, நிறம் வெள்ளை. படம் முழுவதற்கும் இதைக் கொடுத்துவிடாதீர்கள்: உள்ளே வேண்டுமென்றே வைத்த வெள்ளையும் வெறுமையாகும், பொன்னும் சற்றே ஒளிபுகத் தொடங்கும்.

இந்த வழியில் நம் பாதிக்குப் பாதி பிக்சலின் ஆல்ஃபா சரியாக 128 ஆகாது. மென்பொருளுக்குப் பொன்னிறம் எது என்று தெரியாது. நீலம் 139-இலிருந்து 0 வரை போகலாம் என்று எண்ணி 116 அளவில் நிறுத்தும், நிறத்தையும் மிகைப்படுத்தும். ஆல்ஃபாவில் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நிறத்தின் மிகை தெரியும். ஆகவே தேர்வை நீக்கி, ஆல்ஃபாவைப் பூட்டி, முன் சொன்னபடி பொன்னிறத்தைப் பூசி முடியுங்கள். விளிம்பில் இரண்டு மூன்று நிறங்கள் சந்தித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் உட்பக்கத்துப் பிக்சலின் நிறத்தை எடுத்துப் பூச வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

சட்டைக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. டி.டி.எஃப். (படலத்தில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றுவது) போன்ற அச்சு முறைகளில் இருண்ட துணியில் நிறம் தெரிய, அடியில் வெள்ளை மை இடுவார்கள். ஆல்ஃபா அரைகுறையாக உள்ள பிக்சலுக்கு அடியிலும் அந்த வெள்ளை வந்துவிடலாம். அப்போது திரையில் எவ்வளவு திருத்தினாலும் துணியில் வெளிறல் திரும்பி வரும். அத்தகைய அச்சுக்கு மென்மையான ஓரமே வேண்டாம். அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வருமாறு படத்தை அமைத்து, ‘ட்ரான்ஸ்பேரன்சி’ மெனுவில் உள்ள ‘த்ரெஷோல்டு ஆல்ஃபா’ கொடுங்கள். எல்லா ஆல்ஃபாவும் 0 அல்லது 255 ஆகிவிடும். அந்த அடர்த்தியில் ஒரு பிக்சலின் அகலம் 0.085 மில்லிமீற்றர். படிக்கட்டுபோன்ற ஓரம் துணியில் யாருக்கும் தெரியாது. எங்கள் இரண்டாவது மாதிரிச் சட்டை இப்படித்தான் சுத்தமாக வந்தது.

என்னிடம் சரி, அனுப்பிய இடத்தில் வெள்ளைப் பெட்டி

கோப்பு வழியில் மாறியிருக்கிறது. கைத்தொலைபேசிச் செயலிகளில் படமாக அனுப்பினால் பல வேளைகளில் ஜே.பெக் ஆக மாற்றப்படும். அந்த வடிவத்தில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது. படத்தை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில். விண்டோஸின் பழைய பெயின்ட் செயலியில் திறந்து சேமித்தாலும் ஒளிபுகும் தன்மை போய்விடும். விண்டோஸ் 11-இன் பெயின்டில் அதற்கான ஆதரவு 2023-இல்தான் வந்தது.

கிம்பில் ‘சேவ்’ கொடுத்தால் எக்ஸ்.சி.எஃப். என்ற அதன் சொந்தக் கோப்பு உருவாகும். அதை மூலமாகப் பத்திரப்படுத்துங்கள். வெளியே கொடுக்க ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்துப் பி.என்.ஜி. வடிவில் எடுங்கள். எடுக்குமுன் அடியில் சேர்த்த அரக்கு நிற அடுக்கை மறைத்துவிடுங்கள். நான் இதை மறந்து அனுப்பியதுண்டு.

வேறு மென்பொருளில் மட்டும் விளிம்பு கறுக்கிறது

விளையாட்டுச் செயலிகள் செய்யும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது. பி.என்.ஜி. வடிவத்தில் நிறமும் ஆல்ஃபாவும் ஒன்றையொன்று பெருக்காமல் தனித்தனியாகவே எழுதப்படுகின்றன. 1996-இல் அது வெளியானபோது செய்த முடிவு. அதனால் முற்றிலும் வெறுமையான பிக்சலுக்குள்ளும் ஒரு நிறம் மறைந்திருக்கும். பெரும்பாலும் 0, 0, 0, அதாவது கறுப்பு. படத்தைப் பெரிதாக்கியோ நகர்த்தியோ காட்டும் மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களை அப்படியே சராசரி எடுத்தால், நம் பொன்னும் அந்த மறைந்த கறுப்பும் சேர்ந்து 106, 80, 12 என்ற அழுக்கு நிறம் பிறக்கும்.

தீர்வு, வெறுமைக்கு உள்ளேயும் பொன்னை வைப்பது. அடுக்கின் மேல் வலப்பக்கச் சொடுக்கு, ‘ஆட் லேயர் மாஸ்க்’, அதில் ‘ட்ரான்ஸ்ஃபர் லேயர்ஸ் ஆல்ஃபா சேனல்’. ஆல்ஃபா முகமூடிக்குப் போய்விடும். அடுக்கு முழுத் திண்மையாகும். அடுக்கைத் தேர்ந்து, வேலின் விளிம்பிலிருந்து வெளியே நாலைந்து பிக்சல் வரை பொன்னைப் பூசுங்கள். முகமூடி அதை மறைப்பதால் திரையில் எதுவும் மாறாததுபோல் இருக்கும். ‘அப்ளை லேயர் மாஸ்க்’ கொடுத்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது வெறுமையான பிக்சல்களின் நிறத்தைச் சேமிக்கும் குறியைப் போடுங்கள்.

சிறிதாக்கினால் எழுத்தின் புள்ளி மறைகிறது

ஆங்கிலத்தில் வேலை கற்றுத்தரும் பாடங்கள் எதிலும் நான் இதைக் கண்டதில்லை. அவர்களுக்கு ஐ, ஜே என்ற இரண்டு சிறிய எழுத்துகளில் மட்டும் புள்ளி உண்டு. போனாலும் சொல் புரியும். நமக்குப் புள்ளி போனால் மெய்யெழுத்தே போகிறது. ‘கொழும்பு’ என்ற சொல்லில் ஒரு புள்ளி, ‘வெள்ளவத்தை’யில் இரண்டு, ‘தேங்காய் எண்ணெய்’ என்று எழுதினால் நான்கு. மும்மொழிப் பலகைகளில் தமிழுக்குக் கிடைக்கும் ஒடுங்கிய வரியில் புள்ளிகள் தேய்ந்துபோவதைக் காலி வீதியில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். மனம் பொறுப்பதில்லை. நம் கையிலிருந்து போகும் படத்திலாவது அது நடக்கக் கூடாது.

ஏன் மறைகிறது? 512 பிக்சல் சதுரத்தில் வரைந்த சின்னத்தில் புள்ளியின் குறுக்களவு 20 பிக்சல் என்று கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 314 பிக்சல். அதை 32 பிக்சலாகச் சுருக்கினால் பழைய 256 பிக்சல்கள் சேர்ந்து புதிய ஒரு பிக்சல். ஆக, புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றேகால் பிக்சலுக்கும் சற்றுக் குறைவு. அது ஒரே பிக்சலின் மேல் விழுந்தால் தப்பிக்கும். நான்கு பிக்சல்கள் கூடும் மூலையில் விழுந்தால் ஆளுக்கு 0.31 பங்கு, ஆல்ஃபா 255-க்கு 78 அளவுதான். இருண்ட பின்னணியில் அது ஒரு மங்கல், அவ்வளவே. சுருக்கும்போது ‘இன்டர்போலேஷன்’ அமைப்பை ‘நன்’ (None) என்று மாற்றினால் சராசரி எடுக்காமல் சில பிக்சல்களை மட்டும் பொறுக்கும். அப்போது புள்ளி சில இடங்களில் வரும், சில இடங்களில் வராது, எழுத்தின் கோடுகளும் அறுபடும்.

ஆகவே சுருக்கிய பிறகு புள்ளியைக் கையால் வைக்க வேண்டும். பென்சிலும் ‘ஹார்ட் எட்ஜ்’ இட்ட அழிப்பானும் அளவு 1. மங்கலாகக் கிடக்கும் நான்கு பிக்சல்களையும் முதலில் முழுமையாக அழித்து ஆல்ஃபாவை 0 ஆக்குங்கள். எழுத்தின் மேற்கோட்டுக்கும் புள்ளிக்கும் இடையில் ஒரு வரிசை முழு வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டி ஒரு கொம்புபோல் தெரியும். அந்த இடைவெளிக்காக எழுத்தை ஒரு பிக்சல் கீழே இறக்க நேர்ந்தாலும் இறக்குங்கள். பிறகு 16 பிக்சல் படமானால் ஒரே ஒரு பிக்சலும், 32-க்கும் 48-க்கும் இரண்டுக்கு இரண்டுமாகப் புள்ளியைத் திண்மையாக, ஆல்ஃபா 255 ஆக, வையுங்கள். வட்டமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இயல்பான அளவில் கண் அதை வட்டமாகவே வாங்கிக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டு செயலிக்கான சின்னமென்றால் 48, 72, 96, 144, 192 என்று ஐந்து அளவுகள் கேட்பார்கள். 144-க்கும் 192-க்கும் மூலத்திலிருந்து சுருக்கினால் புள்ளி பிழைத்துவிடும். 48-ஐத் தனியாகக் கையால் முடித்து, 96-ஐ அதிலிருந்து ‘நன்’ அமைப்பில் சரியாக இருமடங்காக்கி ஓரங்களைச் சீர்செய்யலாம். 72-க்கு அந்த வழி ஒத்துவராது. ஒன்றரை மடங்கில் சில பிக்சல்கள் இரட்டிக்கும், சில அப்படியே நிற்கும், புள்ளி நீள்சதுரமாகிவிடும். அதையும் மூலத்திலிருந்து சுருக்கிக் கையால்தான் திருத்த வேண்டும்.

‘ண’ வந்தால் இன்னொரு சிக்கல். ‘ன’விலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் மூன்றாவது வளைவுக்கு உள்ளே வெறுமை இருக்க வேண்டும். என் அனுபவத்தில் கிடையாக ஒன்பது பிக்சலுக்குக் குறைந்தால் அது அடைபட்டுவிடுகிறது. அந்த இடம் இல்லாத சின்னத்தில் சொல்லை எழுதாமல் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிடுகிறேன்.

முடிந்ததும் 1-ஐ அழுத்தி இயல்பான அளவில் பாருங்கள். பிறகு கோப்பை ஆவணமாகவே உங்கள் கைத்தொலைபேசிக்கு அனுப்பி, வெயிலில் நின்று ஒருமுறை, திரையின் இருண்ட தோற்றத்தில் ஒருமுறை பாருங்கள். சொல் எதுவென்று தெரியாத ஒருவரிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அவர் ‘வேல்’ என்று தயங்காமல் வாசித்தால் கோப்பை அச்சுக்கு அனுப்பலாம்.